பழங்கால ஜப்பானில் கடல் கடந்து வந்த குலங்கள்: ஒரு வம்சாவளியைப் பிரித்துப் படிப்பது எப்படி?

கியோட்டோவின் மேற்குப் பக்கத்தில் உசுமாசா என்று ஓர் இடம் உண்டு. அங்கே கோர்யூஜி கோயிலை எழுப்பிய ஹாட்டா குலம், சீனாவை முதன்முதலில் ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்த ச்சின் ஷி ஹுவாங்கின் வழிவந்தது என்று 815-ஆம் ஆண்டின் அரசுப் பதிவேடு சொல்கிறது. ஆனால் 720-இல் முடிந்த 'நிஹோன் ஷோகி' என்ற அரசு வரலாற்றில் ச்சின் பேரரசரைப் பற்றிப் பேச்சே இல்லை. கொரியத் தீபகற்பத்தின் பெக்ஜே நாட்டிலிருந்து யுசுகி-நோ-கிமி என்பவர் 120 மாவட்டத்து மக்களைக் கூட்டிக்கொண்டு வந்தார் என்பதோடு அது நின்றுவிடுகிறது. இரண்டுமே அரசு எழுத்துதான். நூறு ஆண்டு கூட ஆகாத இடைவெளியில் மூதாதை இவ்வளவு பெரிய ஆளாகிவிட்டார்.

இப்படிப்பட்ட முரண்கள் இந்தத் துறை முழுக்கக் கிடக்கின்றன. அவற்றில் சிக்காமல் படிக்க ஒரு வழி இருக்கிறது: ஒவ்வொரு வம்சாவளியையும் ஒரு மனுவாகப் பாருங்கள். ஏதோ ஒரு குடும்பம், ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஒரு பட்டத்துக்காகவோ பதவிக்காகவோ அரசின் முன் வைத்த பேச்சு அது. மனு எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்பதைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதில் சொல்லப்படும் மூதாதையின் காலத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த ஒரு பழக்கத்தைக் கைக்குக் கொண்டுவருவதற்காகத்தான்.

தேடும்போது உதவும் ஒரு சிறு குறிப்பு: கடல் கடந்து வந்த இந்த மக்களைப் பழைய ஜப்பானிய ஆய்வுகள் 'கிகாஜின்' என்றும், 1970-களுக்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் 'டொராய்ஜின்' என்றும் குறிப்பிடும். இரண்டு சொல்லிலும் தேடுங்கள்.

படி 1: குலம் எந்த அலையில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்

வருகை ஒரே நேரத்தில் நடந்துவிடவில்லை. முதல் பெரிய அலை 4-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 5-ஆம் நூற்றாண்டு வரை. பட்டு, இரும்பு, சக்கரத்தில் வனைந்து உயர்வெப்பத்தில் சுட்ட பானை, குதிரை, எழுத்து எல்லாம் வந்த காலம். ஹாட்டா, யமாட்டோ-நோ-அயா, பெக்ஜேயிலிருந்து வந்த கல்விமானாகச் சொல்லப்படும் வானியின் வழியினர் என்று சொல்லிக்கொள்ளும் ஃபுமி குலம் ஆகிய மூன்றும் தங்கள் தொடக்கத்தை இங்கேதான் வைக்கின்றன, அதுவும் ஓஜின் பேரரசரின் ஆட்சியில். பெரிய பழங்குலங்கள் எல்லாம் ஒரே மன்னர் காலத்தில் வரிசையாக வந்து இறங்கினவாம்! அங்கேயே கொஞ்சம் சந்தேகப்படலாம்.

இரண்டாவது அலை 5-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியும் 6-ஆம் நூற்றாண்டும். 'புதிதாய் வந்த கைவினைஞர்' என்று நூல்கள் சொல்லும் கூட்டம் இது. சேணம் செய்வோர், நெய்வோர், ஓவியர், கணக்கெழுதுவோர். மூன்றாவது அலை போர் அகதிகள். 660-இல் பெக்ஜே விழுந்தது, 663-இல் ஹாகுசுகி ஆற்று முகத்துவாரத்தில் ஜப்பானியப் படையும் தோற்றது, 668-இல் தீபகற்பத்தின் வடக்கு நாடான கோகுர்யோ விழுந்தது. இப்படி வந்தவர்களைப் பற்றிய பதிவு மற்ற இரண்டு அலைகளை விடப் பல மடங்கு உறுதியானது, ஏனென்றால் அவர்கள் வந்தபோது அரசு ஏற்கெனவே எழுத ஆரம்பித்திருந்தது.

படி 2: பதிவேட்டைத் திறந்து, அதன் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

முக்கிய ஆவணம் 'ஷின்சென் ஷோஜிரோகு'. 799-இல் கான்மு பேரரசர் எல்லாக் குலங்களும் தங்கள் வம்சாவளியை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஆணையிட்டார். வேலை இழுத்துக்கொண்டே போய், அவருடைய மகன் ஸாகா பேரரசர் ஆட்சியில், 815-இல்தான் முடிந்தது. தொகுப்புக் குழுவின் தலைவர் இளவரசர் மான்டா. அவரும் கான்முவின் மகன்தான்.

மொத்தம் 1182 குலங்கள். அரசவம்சக் கிளைகள் (கோபெட்சு) 335, தெய்வங்களின் வழி (ஷின்பெட்சு) 404, வெளிநாட்டு வழி (ஷோபான்) 326, வகைப்படுத்த முடியாதவை 117. ஷோபானுக்குள் 'ஹான்', அதாவது சீன மூலம் என்று போட்டவை 163, பெக்ஜே 104, கோகுர்யோ 41, தீபகற்பத்தின் இன்னொரு நாடான சில்லா 9, மிமானா, அதாவது கயாப் பகுதி, 9.

இந்த எண்களை எடுத்துப் போட்டு 'அன்றைய ஜப்பானியரில் நான்கில் ஒரு பங்கு வெளிநாட்டார்' என்று எழுதுபவர்கள் இணையத்தில் ஏராளம். அது தப்பு. எண்ணப்பட்டவை குலப்பெயர்கள், ஆட்கள் இல்லை. அதுவும் தலைநகரத்தின் இடப்பாதி, வலப்பாதி, அதைச் சுற்றியுள்ள யமாஷிரோ, யமாட்டோ, செட்சு, கவாச்சி, இசுமி மாகாணங்கள் ஆகியவற்றில் மட்டும். கிழக்கே முசாஷியில் குடியேறிய கோகுர்யோ மக்களோ, கியூஷூவின் ஹாட்டா ஊர்களோ இதில் வராது. இன்னொன்று: 30 தொகுதிகளாக இருந்த மூலம் தொலைந்துவிட்டது. நம் கையில் இருப்பது சுருக்கம் மட்டுமே. அதனால் ஒரு பதிவு 'இன்ன குலம், இன்ன பட்டம், இன்னாருடைய வழி' என்று ஒன்றிரண்டு வரியில் முடிந்துபோகும்.

'ஹான்' என்ற 163-ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹாட்டாவும் அயாவும் அதற்குள்தான் இருக்கின்றன. இரண்டுமே கொரியத் தீபகற்பம் வழியாக வந்தவை என்று பழைய நூல்களே சொல்கின்றன. தெற்குக் கரையில் கயாப் பகுதியோடு அயாவையும், கிழக்குக் கரையோடு ஹாட்டாவையும் இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் பலர்.

எதிர்த்திசையிலும் ஓட்டை உண்டு. யோஷிடா என்ற மருத்துவக் குடும்பத்தைப் பாருங்கள். பெக்ஜே வீழ்ச்சியோடு வந்தவர்களின் வழி அது. துறவியாக இருந்த ஒருவரை, மருத்துவத் திறமைக்காக 700-இல் அரசு இல்லறத்துக்குத் திருப்பியது. யோஷிடா-நோ-யோரோஷி என்ற அந்த ஆளின் கவிதைகள் 'மன்யோஷூ' என்ற பழைய கவிதைத் தொகுப்பில் இருக்கின்றன. 815 பதிவேட்டிலோ இந்தக் குடும்பம் ஷோபானில் இல்லை. அரசவம்சக் கிளைகளில் உட்கார்ந்திருக்கிறது! நம் முன்னோர் முன்பு இங்கிருந்து தீபகற்பத்துக்கு அனுப்பப்பட்ட ஜப்பானிய அரசகுலத்தார் என்று மனுப் போட்டார்கள், அது எடுபட்டது. பதிவேட்டின் முன்னுரையே இதைப் புலம்புகிறது: கொரிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஜப்பானியத் தெய்வங்களின் வாரிசு என்று சொல்லிக்கொள்கிறார்களாம்.

படி 3: பெயரின் வாலைப் படியுங்கள்

குலப்பெயருக்குப் பின்னால் வரும் பட்டத்துக்குக் 'கபானே' என்று பெயர். இதைக் கடிகாரம் மாதிரிப் பயன்படுத்தலாம். ஆரம்பத்தில் ஹாட்டாவுக்கு மியாட்சுகோ, யமாட்டோ-நோ-அயாவுக்கு அடாய், ஃபுமிக்கு ஒபிட்டோ, எழுத்து வேலைக் குடும்பங்களுக்கு ஃபுஹிட்டோ, சிறு குழுத் தலைவர்களுக்கு சுகுரி. 684-இல் டென்மு பேரரசர் எட்டுப் படிநிலைகள் கொண்ட புதிய வரிசையைக் கொண்டுவந்தார்: மேலிருந்து மஹிட்டோ, அசோன், சுகுனே, இமிகி என்று இறங்கும். அடுத்த ஆண்டே ஹாட்டா, யமாட்டோ-நோ-அயா, கவாச்சி-நோ-அயா, ஃபுமி எல்லாருக்கும் நான்காம் நிலையான இமிகி கிடைத்தது.

ஆக, ஒரு பதிவில் 'ஹாட்டா-நோ-மியாட்சுகோ' என்றிருந்தால் பேசப்படுவது 680-களுக்கு முந்தைய காலம். 'ஹாட்டா-நோ-இமிகி' என்றால் அதற்குப் பின். 'கொரேமுனே-நோ-அசோன்' என்றால் ஹாட்டாவின் ஒரு கிளை 883-இல் வாங்கிய புதுப்பெயர். இந்த ஏணியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒரு மனு இருந்திருக்கும். ஒவ்வொரு மனுவிலும் கொஞ்சம் மூதாதையும் வளர்ந்திருப்பார்.

பெக்ஜே அரசகுடும்பத்துக்கு இந்த ஏணியில் சேராத 'கொனிகிஷி' என்ற தனிப் பட்டம். அரசர் என்பதற்கான கொரியச் சொல்லின் சாயல் அதில் இருக்கிறது. குடாரா என்பது பெக்ஜேயின் ஜப்பானியப் பெயர். 'குடாரா-நோ-கொனிகிஷி'யையும் வெறும் 'குடாரா-நோ-கிமி'யையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். இரண்டும் வேறு குடும்பங்கள்.

படி 4: மனுக்களைத் தேதிவாரியாக அடுக்குங்கள்

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. 797-இல் முடிந்த 'ஷோகு நிஹோன்கி' என்ற வரலாற்றில் மூன்று மனுக்கள் அடுத்தடுத்து வருகின்றன.

785: யமாட்டோ-நோ-அயாவின் கிளையான சாகாநோவே குடும்பத்தின் கரிட்டாமாரோ, தாங்கள் பிற்கால ஹான் பேரரசர் லிங்கின் கொள்ளுப்பேரன் அச்சி அரசரின் வழியினர் என்று எழுதி, சுகுனே பட்டம் கேட்கிறார். கிடைக்கிறது. இதே அச்சியை 720-இன் நிஹோன் ஷோகி 17 மாவட்டத்து மக்களோடு வந்த ஒருவராக மட்டுமே காட்டுகிறது.

790: ட்சு குடும்பத்தின் மாமிச்சி, தாங்கள் பெக்ஜே அரசர் குன்குசுவின் வழி என்கிறார். சுகானோ-நோ-அசோன் என்ற பெயர் கிடைக்கிறது.

791: ஃபுமி குடும்பத்தார், எங்கள் வானி ஹான் பேரரசைத் தொடங்கிய காவோசுவின் வழி என்கிறார்கள். அவர்களுக்கும் பட்டம் உயர்கிறது.

ஆறே ஆண்டில் இரண்டு ஹான் பேரரசர்களும் ஒரு பெக்ஜே அரசரும் மூதாதைகளாகிவிட்டார்கள். ஏன் இந்த அவசரம்? அரியணையில் இருந்தவரைப் பாருங்கள். கான்முவின் தாய் டாகானோ-நோ-நீகாசா, யமாட்டோ-நோ-ஃபுஹிட்டோ என்ற நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய மறைவுக் குறிப்பு, இந்தக் குடும்பம் பெக்ஜே அரசர் முர்யோங்கின் மகன் ஜுண்டாவிலிருந்து வருகிறது என்கிறது. 790-இல் கான்மு, 'குடாரா-நோ-கொனிகிஷிகள் என் தாய்வழி உறவினர்' என்றே ஆணையில் எழுதினார். வெளிநாட்டு அரச மூதாதை என்பது முதன்முறையாக அரண்மனையிலேயே மதிப்புள்ள சரக்கானது. மனுக்கள் குவிந்ததில் வியப்பென்ன?

நீகாசாவின் வம்சாவளியையும் இதே கண்ணோடு பாருங்கள். ஜுண்டா 513-இல் இறந்ததாக நிஹோன் ஷோகி சொல்கிறது. நீகாசாவின் தந்தை ஓட்டோட்சுகு வரை இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி, நடுவில் பெயர் சொல்லும்படியான தொடர்ச்சி இல்லை. 2001 டிசம்பரில் அப்போதைய பேரரசர் அகிஹிட்டோ இந்தப் பதிவைக் குறிப்பிட்டுக் கொரியாவோடு ஓர் உறவை உணர்வதாகச் சொன்னபோது, 'ஷோகு நிஹோன்கியில் அப்படி எழுதியிருக்கிறது' என்று சொன்னது கவனமான பேச்சு. நாமும் அந்த அளவில் நிற்கலாம்.

மூதாதைப் பெருக்கம் எல்லை மீறியபோது அரசே கடிவாளம் போட்டது. 809-இல் ஒரு வம்சாவளி நூலைக் கைப்பற்ற ஆணை பிறந்தது. சீன லூ, வூ அரசர்களையும், கோகுர்யோ அரசரையும், ஹான் காவோசுவையும் ஜப்பானின் ஆதித் தெய்வத்தோடு கோத்துவிட்ட நூல் அது. வைத்திருப்பவர்கள் ஒப்படைக்க வேண்டும், மறைத்தால் கடும் தண்டனை. ஆறு ஆண்டு கழித்து வந்த 815 பதிவேட்டை இந்த ஆணையின் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

படி 5: ஒரு குடும்பத்தை எடுத்து முழுதாகப் பிரித்துப் பாருங்கள்

பழகுவதற்கு ஹாட்டாவை விட ஓ ஷின்னியின் குடும்பம் நல்லது. சின்னது, சான்றுகள் பல அடுக்கில் கிடைக்கின்றன.

அடுக்கு ஒன்று, நிஹோன் ஷோகி. 553-இல் பெரிய அமைச்சரான சோகா-நோ-இனாமேயின் ஏற்பாட்டில் ஓ ஷின்னி என்பவர் கப்பல் வரியைக் கணக்கெழுதுகிறார். அதற்காக ஃபுனா-நோ-ஃபுஹிட்டோ, அதாவது கப்பல் எழுத்தர், என்ற பெயர். 569-இல் அவருடைய அண்ணன் அல்லது தம்பி மகன் இட்சு என்பவருக்கு ஷிராய் என்ற பெயர். 574-இல் தம்பி உஷிக்கு ட்சு, அதாவது துறைமுகம், என்ற பெயர். மூன்று எழுத்தர் குடும்பங்களும் இப்படிப் பிறக்கின்றன.

நடுவே 572-இல் ஒரு கதை. கோகுர்யோவிலிருந்து வந்த ஓலையை அரசவை எழுத்தர்கள் மூன்று நாளாகப் படிக்க முடியாமல் விழிக்கிறார்கள். காக்கை இறகில் கரிய மையால் எழுதியிருந்தது, கறுப்பின் மேல் கறுப்பு. ஷின்னி இறகுகளைச் சோற்று ஆவியில் காட்டி, வெள்ளைப் பட்டுத்துணியில் அழுத்தி எடுக்கிறார். எழுத்து துணியில் பதிந்துவிடுகிறது. உண்மையோ பொய்யோ, குடும்பத்தார் தங்களைப் பற்றி எதைச் சொல்லிக்கொள்ள விரும்பினார்கள் என்பது இதில் தெளிவு: பழைய எழுத்தர்களால் ஆகாததை நாங்கள் செய்தோம். அந்தப் 'பழைய எழுத்தர்கள்' யார் என்றால், முந்தைய அலையில் வந்த அயா, ஃபுமி வகையறா!

அடுக்கு இரண்டு, ஒரு செப்புத் தகடு. இன்றைய ஒசாகா மாகாணத்தின் காஷிவாரா பக்கம் மாட்சுஓகா மலையில் கிடைத்த கல்லறைத் தகடு இது. தேதியிட்ட ஜப்பானியக் கல்லறை வாசகங்களில் மிகப் பழையது என்று எண்ணப்படுகிறது. ஃபுனா குடும்பத்தின் ஓகோ என்பவருடையது. அவர் பிடாட்சு ஆட்சியில் பிறந்து, சுய்கோ, ஜொமெய் ஆட்சிகளில் பணியாற்றி, 641-இல் இறந்தார். 668-இல் மனைவியோடு சேர்த்து, மூத்த சகோதரர் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். குலத்தின் 'நடு மூதாதை' ஓ ச்சினின் என்றும், அவர் மகனின் மகன் ஓகோ என்றும் தகடு சொல்கிறது. ச்சினின் என்பது ஷின்னியின் இன்னொரு எழுத்து வடிவம் என்று கொள்ளப்படுகிறது. பெக்ஜே அரசர் எவரும் இதில் இல்லை.

அடுக்கு மூன்று, மேலே சொன்ன 790 மனு. இதில் கதை நீள்கிறது. பெக்ஜே அரசர் குன்குசு. அவருடைய பேரன் ஷின்சொன்னோ, ஓஜின் பேரரசர் கல்விமான்களைக் கேட்டதால் அனுப்பப்பட்டார். பிறகு வரிசையாக மகன்கள். கடைசியில் மூன்று சகோதரர்கள் மிசா, ஷின்னி, மாரோ. அவர்களிடமிருந்து மூன்று குடும்பங்கள்.

இப்போது மூன்றையும் ஒப்பிடுங்கள். ஷின்னி என்ற ஆளும், மூன்று குடும்பங்கள் உறவினர் என்பதும், ஃபுனா கிளை அவருடையது என்பதும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகின்றன. ட்சு கிளையின் முதல்வர் ஓரிடத்தில் உஷி, ஓரிடத்தில் மாரோ. ஷின்னிக்கு மேலே உள்ளதெல்லாம் 790-இல்தான் முளைக்கிறது. குன்குசு 384-இல் இறந்தார், ஷின்னி 553-இல் பணியில் இருக்கிறார். தலைமுறைக்கு ஏறக்குறைய 28 ஆண்டு வருகிறது. கணக்கு இடிக்கவில்லை. ஆனால் கணக்குத் தெரிந்த எழுத்தர் குடும்பம் கணக்கில் கோட்டை விடாது! இடிப்பது வேறு இடத்தில். பெக்ஜே அரசகுலத்தின் குடும்பப்பெயர் புயோ அல்லது அதன் சுருக்கமான யோ. ஷின்னியின் முன்னால் நிற்கும் 'ஓ' சீனத்தில் வாங் என்று படிக்கப்படும் வேறொரு குடும்பப்பெயர். போதாததற்கு, ஓஜின் கேட்டார், பெக்ஜே கல்விமானை அனுப்பியது என்ற கதை வானியின் கதையை அப்படியே பிரதி எடுத்தது போல் இருக்கிறது. போட்டிக் குடும்பத்தின் மூதாதைக் கதையைத் தங்களுக்கும் தைத்துக்கொண்டார்கள் என்றே நான் படிக்கிறேன்.

கூடுதலாக ஒன்று: மனுக் கொடுத்த மாமிச்சிதான், சுகானோ-நோ-மாமிச்சி என்ற புதுப்பெயரோடு, ஷோகு நிஹோன்கியைத் தொகுத்து முடித்தவர்களில் ஒருவர். அவர் குடும்ப மனு அந்த நூலில் அவ்வளவு நீளமாக இடம்பெற்றதன் காரணத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

வானியின் கதையையும் தொட்டுவிடலாம். அவர் கன்பூசியஸின் 'லுன்யூ'வையும் 'ஆயிரம் எழுத்து' நூலையும் கொண்டுவந்ததாகக் 'கொஜிகி' என்ற இன்னொரு பழைய வரலாற்று நூல் சொல்கிறது. ஆயிரம் எழுத்து நூலோ 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவின் லியாங் அரசவையில் இயற்றப்பட்டது. ஓஜினை எவ்வளவு பின்னால் தள்ளினாலும் அது எட்டாது.

படி 6: இரத்த உறவையும் வேலை உறவையும் பிரியுங்கள்

ஹாட்டா என்ற பெயர் இருந்தால் ஹாட்டா இரத்தம் என்று எண்ணிவிடக் கூடாது. 540-இல் ஹாட்டா மக்கள் 7053 குடும்பம் என்று நிஹோன் ஷோகி சொல்கிறது. இது ஒரு குடும்பம் பெருகிய கதை அல்ல. 'பே' என்ற அமைப்பில், ஒரு தலைமைக் குலத்தின் கீழ் வரி கட்டிய, பட்டு நெய்த, நெல் விளைத்த கூட்டங்கள் எல்லாம் அந்தக் குலத்தின் பெயரையே தாங்கின. அவர்கள் பெயர் 'ஹாட்டாபே' என்று வரும்.

இதைக் கண்ணால் பார்க்க 702-ஆம் ஆண்டின் குடும்பப் பதிவேடு இருக்கிறது. நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் தப்பிப் பிழைத்த தாள்களில் கியூஷூவின் புசென் மாகாணத்து ஊர்கள் சில உண்டு. அந்த ஊர்களில் ஹாட்டாபேயும், பெயருக்குப் பின்னால் சுகுரி போட்டவர்களும் நெருக்கமாக இருக்கிறார்கள். ஊரே ஏறக்குறைய அந்த வட்டம். தலைநகருக்கு அருகே இருந்த ஹாட்டா தலைவர்களோடு இவர்களுக்கு இரத்த உறவு இருந்தது என்று காட்ட எதுவும் இல்லை. வம்சாவளி மரம் வரைபவர்கள் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் வழுக்கி விழுகிறார்கள்.

படி 7: தாய்வழியைக் கேளுங்கள்

பதிவேடுகள் தந்தைவழியை மட்டும் எழுதும். அதிகாரமோ பல நேரம் தாய்வழியில் நகர்ந்தது. நீகாசாவைப் பார்த்தோம். இன்னொருவர் ஹாட்டா-நோ-அசமோட்டோ: படிக்கப் போன ஜப்பானியத் துறவிக்குத் தாங் சீனாவில் பிறந்த மகன், மருத்துவர். அவருடைய மகளுக்குப் பிறந்தவர்தான் நாகாஓகா தலைநகரைக் கட்டும் பொறுப்பை ஏற்று 785-இல் கொலையான ஃபுஜிவாரா-நோ-டானேட்சுகு. தலைநகரம் ஏன் ஹாட்டாவின் யமாஷிரோ மாகாணத்துக்கு வந்தது என்று கேட்பவர்கள் இந்த உறவையும் பார்க்க வேண்டும். மதில் கட்டுவதற்கு உழைத்ததற்காக ஓர் ஹாட்டா தலைவர் பதவி உயர்வு பெற்றதும் பதிவில் இருக்கிறது.

படி 8: மண்ணைக் கேளுங்கள்

எழுத்து சொல்வதை இடம் உறுதி செய்கிறதா? அயா குலத்துக்கு அசுகாவின் தெற்கே ஹினோகுமா. 772-இல் கரிட்டாமாரோ, டாகாஇச்சி மாவட்டத்தில் பத்தில் எட்டு ஒன்பது பேர் எங்கள் ஆட்கள் என்று எழுதினார். மிகை போலத் தோன்றும். ஆனால் ஹினோகுமா கோயில் இடிபாடுகளின் பக்கத்தில், சுவரோரம் நீண்ட புகைவழி வைத்த கொரியப் பாணி அடுப்பு கிடைத்திருக்கிறது. மூதாதை ஹான் பேரரசரா என்று அடுப்பு சொல்லாது. யார் இங்கே சமைத்தார்கள் என்று சொல்லும்.

ஹாட்டாவுக்கு உசுமாசா. ஹாட்டா-நோ-கவாகாட்சு 603-இல் இளவரசர் ஷோடோகுவிடமிருந்து புத்தர் சிலையைப் பெற்றுக் கோயில் கட்டினார். 610-இல் சில்லா தூதரை வரவேற்கும் பணியில் இருக்கிறார். 644-இல் ஃபுஜி ஆற்றுப் பக்கம் ஒருவன் ஒரு புழுவைத் தெய்வம் என்று கும்பிட வைத்து மக்களின் சொத்தைக் கரைத்தபோது, அவனை அடித்து ஒடுக்கினார். நாற்பது ஆண்டுச் செயல்பாடு; நம்பத்தக்க மனிதர். பக்கத்தில் வீடுகளுக்கு நடுவே ஹெபிசுகா என்ற பெரிய கல்லறையின் கற்கூடு வெறுமனே நிற்கிறது. தெற்கே ஃபுஷிமி இனாரி கோயிலின் தொடக்கக் கதையும் ஹாட்டாவுடையது: ஹாட்டா-நோ-இரோகு என்ற பணக்காரர் மோச்சி அரிசிப் பலகாரத்தை அம்புக்குக் குறியாக வைத்தார், அது வெள்ளைப் பறவையாகி மலைக்குப் பறந்தது, விழுந்த இடத்தில் நெல் முளைத்தது. ச்சின் பேரரசர் வராத, நெல் மட்டும் வருகிற இந்தக் கதை குலத்தின் அன்றாடத்துக்கு இன்னும் நெருக்கமாகப் படுகிறது.

நேரில் போக முடியாதவர்களுக்கு: நாரா தேசியக் கலாச்சாரச் சொத்து ஆய்வகம், அகழ்வில் கிடைத்த எழுத்துள்ள மரச் சீட்டுகளை இணையத் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. குலப்பெயரின் சீன எழுத்தைப் போட்டுத் தேடினால், எந்த ஊரிலிருந்து அந்தப் பெயருள்ளவர் அரிசியோ உப்போ அனுப்பினார் என்று கிடைக்கும். இந்தச் சீட்டுகளில் மூதாதைப் பெருமை இருக்காது, அதனாலேயே விலைமதிப்பற்றவை.

படி 9: அகதிக் குலங்களை வேறு அளவுகோலில் அளங்கள்

பெக்ஜேயின் கடைசி அரசர் உய்ஜாவின் மகன் ஜென்கோ ஜப்பானில் தங்கினார். ஜென்கோ, மகன் ஷோசெய், பேரன் ரோகு, கொள்ளுப்பேரன் கெய்ஃபுகு: எல்லாருக்கும் அரசுப் பதிவில் இடம் உண்டு, ஓட்டையே இல்லை. 749-இல் முட்சு மாகாண ஆளுநராக இருந்த கெய்ஃபுகு, அங்கே கிடைத்த 900 ரியோ தங்கத்தை நாராவின் பெரிய புத்தருக்கு அனுப்பினார். 766-இல் அவர் இறந்தபோது எழுதிய குறிப்பு சுவையானது: கட்டுக்கடங்காதவர், மதுவில் பிரியம், வறுமை என்று யார் வந்து நின்றாலும் எதிர்பாராத அளவு அள்ளிக் கொடுப்பார், பல மாகாணங்களில் ஆளுநராக இருந்தும் வீட்டில் மிச்சம் ஒன்றும் இல்லை. இப்படி ஒரு வரி, பத்து மூதாதைப் பெயரை விட மேல். இவர்களின் குடும்பக் கோயில் குடாராதேராவின் அடித்தளம் ஒசாகாவின் ஹிராகாட்டாவில் இருக்கிறது.

கோகுர்யோ பக்கம் 716-இல் ஏழு மாகாணங்களிலிருந்து 1799 பேரை முசாஷிக்கு மாற்றி, கோகுர்யோவின் ஜப்பானியப் பெயரான கோமா என்ற பெயரில் ஒரு மாவட்டம் உருவானது. இன்றைய சைட்டாமா மாகாணத்தின் ஹிடாகாவில் உள்ள கோமா ஆலயத்தின் பூசகர் குடும்பம், ஜாக்கோ என்ற தலைவரின் வழி என்று சொல்கிறது. ஜாக்கோவுக்கு 703-இல் அரசர் பட்டம் கிடைத்தது அரசுப் பதிவில் உண்டு. அவர்தான் 716 குடியேற்றத்தை நடத்தினார் என்பது ஆலய மரபு. அரசுப் பதிவு அதைச் சொல்லவில்லை. குடும்ப வம்சாவளியும் 1259 தீயில் எரிந்து, உறவினர் கையிலிருந்த தாள்களை வைத்துத் திரும்ப எழுதப்பட்டது. இரண்டையும் கலக்காமல் இரண்டு நெடுவரிசையில் எழுதி வையுங்கள். 758-இல் முசாஷியிலேயே சில்லா மக்களுக்கும் ஒரு மாவட்டம் அமைந்தது: துறவியர் 32, பெண் துறவியர் 2, ஆண்கள் 19, பெண்கள் 21.

பின்னாளில் ஒட்டிக்கொண்டவை

மத்தியகாலத்துக்கு வந்துவிட்டால் காற்று திசை மாறுகிறது. நோ நாடகக் கலைஞர் செஆமி தன்னை ஹாட்டா என்று எழுதிக்கொண்டு, கலையின் தொடக்கத்தைக் கவாகாட்சுவிடம் வைத்தார். ஷிகோகுவின் சோசோகாபே பிரபுக்களும் ஹாட்டா வழி என்றார்கள். சட்சுமாவின் ஷிமாசு குடும்பமோ நேர் எதிர்: முதல்வர் டாடாஹிசா ஹாட்டா வழிக் கொரேமுனே பெயர் கொண்டவர், பிறகு வந்தவர்கள் அவரை ஷோகுன் மினமோட்டோ-நோ-யொரிட்டோமோவின் மகன் ஆக்கினார்கள். 8-ஆம் நூற்றாண்டில் சீனப் பேரரசர் விலைபோனார், பின்னர் மினமோட்டோ விலைபோனது.

ஹாட்டா குலம் கிழக்கத்தியக் கிறிஸ்தவர்கள், யூதர்கள் என்ற பேச்சும் உங்கள் கண்ணில் படும். 1908-இல் சாஏகி யோஷிரோ என்ற அறிஞர் உசுமாசாவின் எழுத்தையும் ரோமைக் குறிக்கும் சீனப் பெயரையும் இணைத்து இதைக் கிளப்பினார். தாங் தலைநகருக்கு அந்தக் கிறிஸ்தவத் துறவியர் வந்தது 635-இல். அதற்கு முப்பது ஆண்டு முன்பே கவாகாட்சு புத்தர் சிலையைக் கையில் வாங்கிவிட்டார். மேலே பேச வேண்டியதில்லை.

எந்தக் குடும்பத்தில் தொடங்குவது? ஓ ஷின்னியின் குடும்பத்தை ஒருமுறை நீங்களே அடுக்கிப் பாருங்கள். அடுத்து சாகாநோவே, கரிட்டாமாரோவின் மகன் டமுராமாரோ 797-இல் வடக்குப் படையெடுப்பின் தளபதி ஆனவர், ஆவணங்களுக்குப் பஞ்சமில்லை. பிறகு கொனிகிஷிகள். ஹாட்டாவைக் கடைசிக்கு ஒதுக்குங்கள். அதில் எது குடும்பம், எது கூட்டம் என்று பிரிக்க, முந்தைய மூன்றில் பழகிய கை வேண்டும்.